பாவு தீரும் நாள்

அன்று காலை பரிசோதனை அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

டாக்டரம்மா. மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஸ்டாஃப் நர்ஸ். திருநெல்வேலிப் பக்கம். கை சுத்தம். வாய் வேகம்.

லோகநாயகி. பட்டு நெய்யும் வீட்டுப் பெண். ஐந்து பெற்றவள். வயிற்றில் ஆறாவது.

தனம்மாள். லோகநாயகியின் மாமியார். சுவரோரம் நின்றாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

ஏகாம்பரம். லோகநாயகியின் புருஷன். அவன் உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆனாலும் அவனைச் சேர்த்துக்கொள்கிறேன். பேச்செல்லாம் அவன் காதில் விழுந்தது.

நான். பெண்கள் வார்டு ஆயா. ஓரிக்கையிலிருந்து நடந்தே வேலைக்கு வருவேன். விவசாயக் குடும்பம். தறியைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

இது காஞ்சிபுரத்தில், எழுபத்திரண்டாம் வருஷம் நடந்தது. கருக்கலைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து சில மாதம் ஆகியிருந்தது. வார்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்தச் சட்டம் காற்று மாதிரி. இருப்பதே தெரியாது. அது இல்லாத காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அதனால் அந்தக் காலையைச் சொல்வதற்கு முன்னால் இன்னும் இரண்டு பெண்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் பெண் சுந்தரி. நான் சேர்ந்த மறு வருஷம். மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். நல்ல காய்ச்சல். உடம்பு தணலாக இருந்தது. கிட்டே போனதும் வாடை வந்தது. கரு கலைய யாரோ உள்ளே குச்சி வைத்திருந்தார்கள். அது அழுகிப்போயிருந்தது. மூன்று குழந்தைக்குத் தாய். இருபத்தைந்து வயது இருக்கும்.

அப்போது சட்டம் வேறு. தாயின் உயிரைக் காப்பாற்றத்தான் என்றால் டாக்டர் செய்யலாம். மற்றபடி செய்தவருக்கும் தண்டனை, செய்துகொண்டவளுக்கும் தண்டனை. எப்படியோ சங்கதி ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார். கெட்டவர் இல்லை. மேலே பதில் சொல்ல வேண்டியவர்.

"யாரு வெச்சதுன்னு ஒரு பேர சொல்லும்மா. போயிடறேன்" என்றார்.

சுந்தரி கண்ணைத் திறந்தாள். "யாருமில்ல" என்றாள்.

"யாருமில்லன்னா? தானா வந்துதா?"

"நானே வெச்சிக்கினேன்."

அவளே வைத்துக்கொள்ள முடியாது. டாக்டரம்மாவுக்குத் தெரியும். போலீஸ்காரருக்கும் தெரிந்திருக்கும். ஒரு பெயரைச் சொன்னால் குச்சி வைத்த மருத்துவச்சி ஜெயிலுக்குப் போவாள். அவள் நாலு தெருவுக்குப் பிரசவம் பார்க்கிறவள். சுந்தரியின் மூன்று குழந்தையையும் அவள்தான் எடுத்திருப்பாள். இது என் ஊகம். சுந்தரி எதையும் விளக்கவில்லை.

போலீஸ்காரர் இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார். டாக்டரம்மா அவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றார். அப்போது அவர் சின்ன வயசு. வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். குரலை உயர்த்தவில்லை.

"சார், இவ உடம்புல இப்போ இருக்கற தெம்பு மூச்சு விடறதுக்கே பத்தல. அத நீங்க கேள்விக்கு செலவு பண்ணாதீங்க. பிழைச்சா நானே சொல்லி அனுப்பறேன். அப்போ வந்து கேளுங்க."

"எனக்கு ரிப்போர்ட் குடுக்கணும் டாக்டர்."

"டாக்டர் கேக்க விடலன்னு குடுங்க. என் பேரப் போட்டுக்கோங்க."

அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார். திரும்ப வரவில்லை. வர வேண்டியிருக்கவும் இல்லை. மூன்றாம் நாள் காலை சுந்தரி போய்விட்டாள். கடைசி வரை அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை.

கட்டிலடியில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மகளின் புடவையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அந்த அம்மாதான் தனம்மாள்.

இரண்டாவது பெண்ணின் பெயர் வேண்டாம். பிள்ளையார்பாளையத்துக்காரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் வந்தது. டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். என்னையும் கூப்பிட்டார். நான் எதற்கு என்று நர்ஸ் பார்த்தார். "நோயாளிங்க என்கிட்ட கேக்க மாட்டாங்க. ஆயாகிட்டதான் கேப்பாங்க" என்றார் டாக்டரம்மா.

சொன்னது சுருக்கம். யார் கேட்டாலும் செய்துவிட முடியாது. தாயின் உயிருக்கு ஆபத்து, உடம்புக்கோ மனசுக்கோ பெரிய கேடு, பிறக்கப்போவது கடும் குறையோடு பிறக்கும் என்பது மாதிரிக் காரணம் இருக்க வேண்டும். ஒருத்தியைக் கெடுத்து உண்டானது என்றாலும், கல்யாணமானவளுக்குத் தடுப்பு முறை தவறி உண்டானது என்றாலும் அது மனசுக்குக் கேடு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டு வாரம் வரை ஒரு டாக்டர் பார்த்துச் சொன்னால் போதும். அதைத் தாண்டினால் இருபது வாரம் வரை இரண்டு டாக்டர் ஒத்துச் சொல்ல வேண்டும். வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் போதும். புருஷன், மாமியார், மச்சினன் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கடைசியில் சொன்னதை நர்ஸ் நம்பவில்லை. பழக்கம். எந்த ஆபரேஷனுக்கும் ஆண்பிள்ளை கையெழுத்து வாங்கியே பழகியிருந்தோம்.

வாலாஜாபாத்திலிருந்து வந்தார்கள். ஏனாத்தூரிலிருந்து வந்தார்கள். கழனி வேலை செய்கிற பெண்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கிற நெசவாளர் தெருக்களிலிருந்து யாரும் வரவில்லை. ரொம்ப நாள் கழித்து அங்கிருந்து வந்த ஒருத்திதான் பிள்ளையார்பாளையத்துக்காரி.

காலையில் முடிந்தது. சிக்கல் இல்லை. மத்தியானம் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். டாக்டரம்மா இருக்கச் சொன்னார். அவள் கேட்கவில்லை.

"கனமா எதுவும் தூக்காத. கஷ்டமான வேலை செய்யாத. புரியுதா?"

"புரியுதும்மா."

மறுநாள் அதே மாட்டு வண்டி மாதிரி ஒரு வண்டி. பாயெல்லாம் ரத்தம். முகம் வெள்ளை. எப்படியோ பிழைத்தாள். தெளிந்த பிறகு டாக்டரம்மா கேட்டார்.

"வேலை செய்யாதன்னு சொன்னேனே. என்ன பண்ணின?"

"ஒன்னியும் பண்லியேம்மா. தண்ணி கூட தூக்கல."

"அப்புறம்?"

"தறில உக்காந்துக்கினு இருந்தேன். உக்காந்த வேலதானே."

பொய் இல்லை. அந்தப் பெண்களுக்குத் தறி வேலை வேலைக் கணக்கில் வராது. தண்ணீர் இறைப்பது வேலை. மாவு ஆட்டுவது வேலை. தறியில் உட்காருவது, உட்காருவது. காலைத் தறிக்குழிக்குள் தொங்கவிட்டு, இடுப்பை வளைத்து, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை.

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. "நான்தான் சரியா கேக்கல" என்று நர்சிடம் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் பெண்களிடம் கேள்வி கேட்கும் விதம் மாறிவிட்டது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான் என்றால் இதோடு நிறுத்திவிடலாம். இன்னும் இருக்கிறது.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

லோகநாயகிக்கு ஐந்தாவது பிரசவம் இதே ஆஸ்பத்திரியில்தான். ரத்தம் நிற்காமல் போய்விட்டது. பிழைத்தது டாக்டரம்மா கையால். இன்னொன்று கூடாது என்று அப்போதே சொல்லி அனுப்பினார். அந்தக் குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. மறுபடியும் வந்து நிற்கிறாள். கண் இமையை இழுத்துப் பார்த்தார். சோகை. உள்பக்கம் காகிதம் மாதிரி இருந்தது.

"பதினோரு வாரம் முடிஞ்சாச்சு" என்றார்.

"கலைச்சிடுங்கம்மா" என்றாள் லோகநாயகி. சுற்றி வளைக்கவில்லை.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "புருஷன் வெளியதானே நிக்காரு? கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிருவோம்."

"இவ சம்மதம் போதும் சிஸ்டர்."

"அவரு நாளைக்கு வந்து சண்டைக்கு நின்னா?"

வாசலில் நின்ற முதுகு அசையவில்லை. தனம்மாள்தான் பேசினாள். "சண்ட போடறவனா இருந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வருவானா? வாயில்லாத பையன்மா அவன். அவன் வாயும் சேத்து எனக்கே குடுத்துட்டான் சாமி."

லோகநாயகிகூடச் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவர் பிள்ளையார்பாளையத்துக்காரியை நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

"இன்னைக்கு செஞ்சா எத்தன நாள் இங்க படுப்ப?"

"படுக்கறதா? சாயங்காலம் தறில உக்காரணுமே."

"வேற யாராவது உக்காரட்டும்."

"கோர்வை தறிம்மா. நான் இல்லன்னா ஓடாது."

கோர்வை என்றால் என்ன என்று டாக்டரம்மா கேட்டார். லோகநாயகி சொன்னாள். புடவை உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். உடம்புக்குப் புருஷன் குறுக்கு நூல் கோத்த நாடாவை ஓட்டுவான். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் அவன் பக்கத்திலேயே உட்கார வேண்டும். இரண்டு கை சேர்ந்தால்தான் ஒரு இழை. மாமியார் போட்டுக்கொண்டிருந்தாள். கண் மங்கிவிட்டது. பெரிய பெண்ணுக்கு இன்னும் கை வரவில்லை.

"நாலு நாள் தறி நிக்கட்டுமே. என்ன குடி முழுகிடும்?"

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகள் சொன்னாள்.

"எங்க தெருவுல நாப்பது தறி ஓடுது டாக்டரம்மா. ஒன்னு நின்னா தெருவுக்கே கேக்கும். சத்தம் கேக்கறது இல்ல, நின்னா கேக்கும். ஒரு வேள நின்னா எதிர் வூட்டம்மா வருவா. ஒரு நாள் நின்னா பங்காளி வருவாரு. ரெண்டு நாள் நின்னா மொதலாளி வூட்டு ஆளு வந்து நிப்பான். 'இன்னா, உடம்பு சரியில்லியா? யாருக்கு? இன்னா உடம்பு? எந்த ஆஸ்பத்திரி?' இன்னான்னு சொல்றது? பெரிய பொண்ணுக்கு இப்பதான் கல்யாணப் பேச்சு நடக்குது. கருவ அழிச்ச வூடுன்னு ஒரு வாய் சொன்னா போதும். அதோட முடிஞ்சிது."

நெசவாளர் தெருவிலிருந்து ஏன் யாரும் வருவதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சட்டம் தெரியாமல் இல்லை. வர ஆசை இல்லாமல் இல்லை. படுக்க இடம் இல்லை. படுத்தால் ஊருக்குக் கேட்கும்.

நர்ஸ் சொன்னார். "அப்ப இன்னைக்கே முடிச்சிருவோம் டாக்டர். சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்து அனுப்புவோம். பன்னிரண்டு தாண்டினா ரெண்டாவது டாக்டர் வேணும். நம்ம ஆஸ்பத்திரில ரெண்டாவது டாக்டர்னா யாரு? பெரியவரு. அவரு வந்த மாதிரிதான்."

பெரியவர் என்றால் ஆண்கள் வார்டின் பெரிய டாக்டர். நெற்றி நிறைய விபூதி. சட்டம் வந்த அன்று வராந்தாவில் எல்லோர் எதிரிலும், "டெல்லியில உக்காந்துக்கிட்டு கொலைக்கு லைசென்ஸ் குடுத்துட்டான்" என்றவர். மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

ஆக இரண்டு வழி. இன்றைக்குச் செய்தால் சட்டத்தில் சிக்கல் இல்லை. ஆனால் இந்தச் சோகை உடம்போடு சாயங்காலம் குழியில் உட்காருவாள். முந்தினவள் மாதிரி ஆகும். முந்தினவள் பிழைத்தாள். இவள் பிழைக்க மாட்டாள். தள்ளி வைத்தால் உடம்பைத் தேற்றலாம், ரத்தம் ஏற்பாடு செய்யலாம். ஆனால் கெடு தாண்டும். பெரியவர் கையில் போய் நிற்கும். அவர் மாட்டேன் என்றால் இவளுக்குப் போக இடம் குச்சி வைப்பவளிடம்தான்.

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். 

அப்போது கதவுக்கு வெளியே இருந்த முதுகு திரும்பியது.

"பாவு தீந்தா தறி நிக்கும்" என்றான் ஏகாம்பரம்.

எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்தான். அதற்கு மேல் வரவில்லை. தனம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"அட, ஆமாங்கறேன்! தறில நீளவாட்டுல போட்ட பாவு நூலு நெய்து தீந்துட்டா, புதுப் பாவ இழ இழயா பிணைக்கணும்மா. ஆயிரக்கணக்குல இழ. அதுக்கு ஆளு வரணும். நாலு நாள், அஞ்சு நாள் தறி நிக்கும். அப்ப நின்னா ஒரு நாயும் கேக்காது. எல்லார் வூட்லயும் நிக்கறதுதானே."

"உங்க பாவு எப்ப தீரும்?" டாக்டரம்மா அவனைத்தான் கேட்டார்.

"முக்கா சேல பாக்கி."

"எத்தன நாள்?"

"பத்து. ஓட்டினா எட்டு."

"எட்டுல முடிச்சிடுவீங்களா?"

தலையை ஆட்டினான்.

டாக்டரம்மா லோகநாயகியிடம் திரும்பினார். "நீ சொல்லு. இன்னைக்கா, பாவு தீந்தப்புறமா? தள்ளிப் போனா இன்னொரு டாக்டர் ஒத்துக்கணும். ஒத்துப்பாருன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இன்னைக்கு செஞ்சுக்கிட்டு நீ தறில உக்காந்தா நீ இருப்பன்னும் உறுதி சொல்ல முடியாது. உன் உடம்பு. நீ சொல்றதத்தான் செய்வேன்."

ஒரு டாக்டர் அப்படிக் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. லோகநாயகியும் பார்த்திருக்க மாட்டாள். புருஷனைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து யோசித்தாள்.

"பாவு தீரட்டும்மா. அஞ்சு புள்ள இருக்குது. நான் இருக்கணும்."

நர்ஸ் ரத்தம் ஊறுவதற்கான மாத்திரை எடுத்துக் கொடுத்தார். முகம் கடுகடு என்றிருந்தது. "போனா வர மாட்டா டாக்டர். எழுதி வேணாலும் தாரேன்."

"குடும்மா குடு" என்றாள் தனம்மாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. அடுப்பு மூட்ட ஆவும்."

வெளியே போகும்போது தனம்மாள் வார்டின் மூலைக் கட்டிலைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். சுந்தரி கிடந்த கட்டில் அது. பிறகு நடந்தாள். பெற்ற மகளை இதே வார்டில் பறிகொடுத்தவள். மருமகளைக் கூட்டிக்கொண்டு அதே வாசலில் ஏற அவளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெருவில் எத்தனையோ மாமியார்கள் இருந்தார்கள். எவளும் அதுவரை அப்படி வரவில்லை.

எட்டு நாள் ஆனது. லோகநாயகி வரவில்லை.

நர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தார். அது போதும். மத்தியானம் தனம்மாள் மட்டும் வேர்த்து விறுவிறுத்து வந்தாள்.

"இழ அறுந்துக்கினே இருக்குது டாக்டரம்மா. மழ ஈரம். இன்னும் ரெண்டு நாள் தாங்குங்க. ரெண்டும் ராப்பகலா உக்காந்துக்கினு இருக்குதுங்க."

"ராத்திரி அவ உக்காரக் கூடாது."

"நானும் அதான் சொன்னேன். 'எனுக்கு ஆள் இல்லாம அவரு தனியா இன்னா பண்ணுவாரு'ன்றா. இதுங்க ரெண்டும் ஒன்னு."

டாக்டரம்மா அப்போது ஒரு காரியம் செய்தார். கெடு அதற்குள் தாண்டிவிட்டது. இன்னும் இரண்டு நாளில் அவள் வந்த பிறகு பெரியவரிடம் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அன்றைக்கே ஆண்கள் வார்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன், கூப்பிடாமலே.

பெரியவர் கை கழுவிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னார். தள்ளி வைத்ததற்குப் பொறுப்பு தன்னுடையது, பெண் தாமதம் செய்யவில்லை என்பதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"என் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும்" என்றார் பெரியவர்.

"தெரியும் சார். தெரிஞ்சேதான் வந்தேன்."

"தெரிஞ்சும் எதுக்கு என்கிட்ட வர்றீங்க? செங்கல்பட்டுல ஆள் இருப்பாங்களே."

"அங்க போனா தெருவுக்குத் தெரியும் சார். அதோட, நீங்க பாத்து ஆபத்து இல்லன்னு சொன்னா நான் செய்ய மாட்டேன். உங்க கண்ணு மேல எனக்கு நம்பிக்கை."

துண்டில் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். "வந்ததும் கூப்பிடுங்க" என்றார். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

அந்த இரண்டு நாளும் நான் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் காலை லோகநாயகி வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. ஏகாம்பரம் கூட வரவில்லை. தறியிலிருந்து அறுத்த சேலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு தெரு வழியாக முதலாளி வீட்டுக்குப் போயிருந்தான். பாவு தீர்ந்துவிட்டது என்று தெரு பார்க்க வேண்டும் அல்லவா. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து சட்டைக் கையைச் சுருட்டினான். அவன் ரத்தம் அவளுக்குச் சேரும் என்று முன்பே பார்த்து வைத்திருந்தார்கள். ஒரு பாட்டில் கொடுத்தான். ரத்தம் கொடுத்தால் ஆண்பிள்ளைக்கு உசிர் குறையும் என்று நம்பிய காலம். ஊசியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கைவிரல் எல்லாம் ஜரிகை கீறியிருந்தது.

பெரியவர் வந்தார்.  நாடி பார்த்தார். கண் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். போன பிரசவத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். அவசரமே இல்லை. ஆண்கள் வார்டில் கால் முறிந்தவனைப் பார்ப்பது மாதிரியே பார்த்தார்.

"எத்தனம்மா பிள்ள?"

"அஞ்சு சாமி."

"கடைசி?"

"இன்னும் பால் குடிக்குது."

டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"எனக்கு இதுல சம்மதம் இல்ல. இன்னைக்கும் இல்ல. ஆனா சட்டம் என் சம்மதத்தக் கேக்கல. இவ உயிருக்கு ஆபத்தா இல்லையான்னு கேக்குது. ஆபத்துதான். நிச்சயமா ஆபத்து. அத இல்லன்னு சொன்னா நான் டாக்டரே இல்ல."

கையெழுத்துப் போட்டார். லோகநாயகியின் தலையில் லேசாகக் கை வைத்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

"இனிமே வேணும்னாலும் கூப்பிடுங்க. வருவேன். ஆனா ஒவ்வொரு தடவையும் நானே பாத்துதான் சொல்லுவேன். கண்ண மூடிக்கிட்டு போட மாட்டேன்."

நான் இரண்டு பேரையும் மெச்சுகிறேன். தான் சரி என்று நம்பியதற்காக நின்றவரையும், தான் தப்பு என்று நம்பியும் உள்ளதை உள்ளபடி சொன்னவரையும். உங்கள் வேலையில் இரண்டு மாதிரி ஆளும் வருவார்கள். அவர்களோடு வேலை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவரிடம் மட்டும் ஜாக்கிரதை. அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும்.

உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்ல மாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்ததே. நடுவில் ரத்தம் கண்டது. போன பிரசவம் மாதிரியே. இந்த முறை பாட்டில் தயாராகத் தொங்கியது. உடம்பிலும் பத்து நாள் மாத்திரையின் தெம்பு இருந்தது. நர்ஸ் கை ஒரு கணம்கூட நிற்கவில்லை. வர மாட்டாள் என்று சொன்னவர்தான், அவள் நாடியைப் பிடித்தபடி, "என் தாயி, கண்ண மூடாத, என்னையப் பாரு, என்னையப் பாரு" என்று விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

கலைந்ததை வைத்த தட்டை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அது பாவமா இல்லையா என்று நீங்கள் ஒரு நாள் கேட்பீர்கள். எனக்குப் பதில் தெரியாது. அந்தத் தட்டு லேசாக இல்லை. சுந்தரியின் உடம்பை வண்டியில் ஏற்றிவிட்டவளும் நான்தான். அதுவும் லேசாக இல்லை. இரண்டையும் தூக்கியவளுக்குப் பேச்சு வராது. மரியாதையோடு எடுத்துப் போங்கள். அது ஒன்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

லோகநாயகி ஐந்து நாள் படுத்திருந்தாள். பிள்ளைகளைத் தனம்மாள் பார்த்துக்கொண்டாள். கைக்குழந்தையை மட்டும் முந்தானைக்குள் மூடி இரண்டு வேளை கொண்டுவந்து பால் கொடுக்க வைத்துப் போவாள். தறியில் பாவு பிணைக்க வந்த ஆளிடம் ஏகாம்பரம், "நிதானமா பிணைப்பா. அவசரம் இல்ல" என்றானாம். அந்த ஆளே ஆச்சரியப்பட்டானாம். எந்த நெசவாளி அப்படிச் சொல்வான்? தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஆறாம் நாள் தறி ஓடியது. கரைக்கு நாடா போட்டது பெரிய பெண். திருத்தமாக வராமல், திட்டு வாங்கிக்கொண்டே போட்டாள். லோகநாயகி மேலும் பத்து நாள் கழித்துத்தான் குழியில் இறங்கினாள்.

பேச்சு நடந்த அந்தப் பெண்ணின் கல்யாணமும் முடிந்தது. டாக்டரம்மாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்தார்கள். போய் வந்தார்.

இது எப்படி மற்றத் தெருக்களுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. தனம்மாள் ஊமை மாதிரி இருப்பேன் என்று சத்தியம் செய்தவள். ஆனால் கொஞ்ச நாளில் ஒரு பெண் வந்தாள். பிறகு இன்னொருத்தி. டாக்டரம்மா எடுத்ததும் கேட்பது ஒன்றுதான். "உங்க பாவு எப்போ தீரும்?" ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் கிழமை ஒரு பக்கம் இருந்தது. இவர்களுக்கு அவர் தறியைப் பார்த்து நாள் வைத்தார். கெடு தாண்டினால் பெரியவர் வந்தார். இரண்டு முறை, "இதுல ஆபத்து இல்ல, மாட்டேன்" என்றும் சொன்னார். டாக்டரம்மா ஏற்றுக்கொண்டார். அந்த இரண்டு பேருக்கும் இங்கேயே பிரசவம் பார்த்தோம்.

மற்றவர்களுக்குப் படுக்கை விரித்தவள் நான். மறு வருஷம் அதே மாதம் வரை அந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் பதினான்கு பேர். நடந்து வீட்டுக்குப் போனவர்கள் பதினான்கு பேர்.